ஓய்வும் காவலும்

தமிழாசிரியப் பணியினின்று நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆயின. ஓய்வு என்னும் சொல்லை முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். 'ஓய்' என்பது பகுதி. 'வு' என்பது தொழிற்பெயர் விகுதி எனக் கரும்பலகையில் பிரித்துக் காட்டியவன். ஆயினும் அச்சொல்லின் பொருளை நான் செவ்வையாக உணர்ந்தது, அறுபது அகவை கடந்தபின், ஒரு கோடை முகாமில், இரண்டு செவிலியரிடத்தேதான். அவ்வரலாற்றை ஈண்டு உரைக்கின்றேன்.

என் ஊர் ஸ்ரீபெரும்புதூர் என இன்று வழங்கும் திருப்பெரும்பூதூர். வைணவப் பேராசான் இராமாநுசர் தோன்றிய பதி அது. என் இளமையில் ஊரைச் சூழ ஏரிகளும், அவ்வேரிநீர் பாயும் நெல்வயல்களுமே காணப்பட்டன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஆலை எழுந்தது. அதன்பின் ஒரகடம், வல்லம் வடகால் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், முன்பு மாட்டுவண்டிகள் சென்ற வழியில் இன்று சரக்குந்துகள் இரவும் பகலும் விரைகின்றன. தொலைமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இங்கே வேலைக்கு வருகின்றனர். 2024-ஆம் ஆண்டு வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்கு ஒரு பெருவிடுதி திறக்கப்பட்டது என்றால், இவ்விடத்தின் மாற்றத்தை நீங்களே உய்த்துணரலாம்.

சென்ற ஆண்டு மே மாதம், ஒரகடத்துக்கு அணித்தான ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பன்னிரண்டு நாள் கோடை முகாம் ஒன்று நடைபெற்றது. ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ நூறுபேர் அங்கே தங்கியிருந்தனர். பள்ளிப் பிள்ளைகளை வெளியிடத்துக்கு அழைத்துச் சென்று முகாமிட்டுப் பயிற்றும் வழக்கத்தை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1861-ஆம் ஆண்டில் பிரெடரிக் கன் என்னும் ஆசிரியர் மேற்கொண்டார். இன்று நம் நாட்டிலும் அது பரவியுள்ளது. எங்கள் முகாமில் காலையில் விளையாட்டு, முற்பகலில் கைத்தொழில், பிற்பகலில் தமிழ் என்று வகுத்திருந்தார்கள். தமிழ் கற்பிக்கும் பொறுப்பு என்னுடையது. காலை பத்து மணியளவில் சென்று மாலையில் வீடு திரும்புவேன்.

முகாமின் நலங்காக்க இரு செவிலியர் வந்திருந்தனர். மூத்தவர் அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளையவர் ஓர் ஆலையின் முதலுதவி அறையில் பணிபுரிபவர். திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூரினர். பிள்ளைகள் இருவரையும் 'சிஸ்டர்' என்றே அழைத்தனர். எனக்கு அது பொறுக்கவில்லை. முதல் வகுப்பிலேயே செவிலி என்னும் சொல்லின் சிறப்பை எடுத்துரைத்தேன். அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய். அவளைப் பேணி வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் உயிர்த்தோழி அச்செவிலியின் மகளே என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து அம்மருந்தைச் செய்து தருபவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுக்கின்றது. இவற்றையெல்லாம் விளக்கினேன். பிள்ளைகள் வாய்மூடிக் கேட்டனர். வகுப்பு முடிந்ததும், "சிஸ்டர், முள் குத்திவிட்டது!" என்று கூவிக்கொண்டு ஓடினர்.

கத்திரி வெயில் காயும் காலம் அது. செவிலியர் இருவர்க்கும் வேலைக்குக் குறைவில்லை. முழங்காலில் சிராய்ப்பு, காலில் முள், குளவிக் கொட்டு, வெயிலால் மயக்கம் என எந்நேரமும் யாரேனும் வந்துகொண்டிருப்பர். மயங்கிய பிள்ளையை நிழலிற் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுவர். உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்வர். ஒரு லிட்டர் தூயநீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகக் கூறுமளவுக்குக் கற்பித்திருந்தனர்.

அந்தி நேரத்தில் ஒருவகை வயிற்றுவலி வரும். அது வீட்டு ஏக்கம் என்பது மூத்தவர்க்குத் தெரியும். அவர் மருந்து கொடுப்பதில்லை. வெந்நீர் கொடுத்து, "இந்தப் பஞ்சைச் சிறுசிறு உருண்டையாக உருட்டிக் கொடு, கண்ணு" என்று பக்கத்தில் அமர்த்திக்கொள்வார். பத்து உருண்டை உருட்டுவதற்குள் வலி பறந்துவிடும்.

இவற்றையெல்லாம் நான் கண்டேன். ஆயினும் என் கண் அவர்கள் உழைக்கும் நேரத்தில் நிலைக்கவில்லை. உழையாத நேரத்திலேயே நிலைத்தது. ஆசிரியர் பலர்க்கு உள்ள குறை இது. எழுதும் மாணவனைக் காணோம். சாளரத்தின் வழியே நோக்கும் மாணவனையே காண்போம். மூத்தவர் சில வேளைகளில் வாயிற்படியில் அமர்ந்து நாளிதழின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பார். இளையவர் கைப்பேசியையே நோக்கிக்கொண்டிருப்பார். 'சம்பளம் பெற்றுக்கொண்டு பொழுது போக்குகின்றார்களே' என்று என் மனம் முணுமுணுத்தது.

முகாமின் நான்காம் நாள் காலை பத்து மணிக்கு முதலுதவி அறைப் பக்கமாகச் சென்றேன். கதவு பாதி திறந்திருந்தது. இளைய செவிலி கட்டிலிற் படுத்து நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். வெளியே பிள்ளைகளின் ஆரவாரம்; உள்ளே பட்டப்பகலில் உறக்கம்! தலைமையாசிரியரைத் தேடினேன், அவர் வெளியே சென்றிருப்பதாகக் கூறினர். நானே கதவைத் தட்டினேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். எழுந்த கணமே அவர் கால்கள் செருப்பினுள் நுழைந்தன. கை மருந்துப் பெட்டியைப் பற்றியது. "யாருக்கு என்ன, ஐயா?" என்றார்.

"யாருக்கும் ஒன்றும் இல்லை, அம்மா. பகலுறக்கம் கடமைக்கு அழகன்று. பிள்ளைகள் பார்த்தால் என்ன கற்றுக்கொள்வார்கள்?" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னை நோக்கினார். "சரிங்க ஐயா" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் வந்து அமர்ந்தார். ஒருவனைத் திருத்திவிட்ட நிறைவோடு நான் வகுப்புக்குச் சென்றேன்.

இரண்டு நாள் கழித்து, 'நான் கண்ட நல்லவர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லி, ஏடுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். இரவு உணவுக்குப்பின் சிவப்பு மையெழுதுகோலும் கையுமாகத் திருத்த அமர்ந்தேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுதியிருந்தான்: 'அன்னைக்கு ராத்திரி எனக்கு சுரம். மூணு தடவ முழிச்சேன். மூணு தடவையும் அக்கா முழிச்சிருந்தாங்க.'

'அன்னைக்கு' என்பதை 'அன்று' எனத் திருத்தினேன். 'மூணு' என்பதை 'மூன்று' என்றேன். 'முழிச்சேன்' என்பதை 'விழித்தேன்' ஆக்கினேன். 'முழிச்சிருந்தாங்க' என்பதன்மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பொருள் எனக்குள் புகுந்தது. எழுதுகோல் நின்றது. அவன் எந்த இரவைக் கூறுகின்றான்? எந்த அக்கா விழித்திருந்தார்? விழித்தவர் மறுநாள் எப்பொழுது உறங்கினார்? உறங்கியவரை யார் எழுப்பியது?

இழுத்த கோடுகளை அழிக்க இயலவில்லை. ஏட்டின் அடியில் 'நன்று' என்று எழுதி மூடிவைத்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெளிந்தேன். அச்சிறுவனுக்கு இரவு சுரம் 103 பாகைக்கு ஏறியிருந்தது, வாந்தியும் உண்டு. இளைய செவிலி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கூறியபடி மருந்து கொடுத்தார். அரைமணிக்கு ஒருமுறை சுரத்தை அளந்து ஏட்டிற் குறித்தார். கரைசலைச் சிறுகரண்டியால் புகட்டினார். வேண்டுமானால் 108 வண்டியை அழைக்க ஆயத்தமாகவும் இருந்தார். விடியலில் சுரம் தணிந்தது. தலைமையாசிரியர் சிறுவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். செவிலி காலைநேரப் பிள்ளைகளின் வரிசையையும் பார்த்து முடித்து, மூத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் படுத்தது ஒன்பதரை மணிக்கு. நான் தட்டி எழுப்பியது பத்துமணிக்கு.

நேரே முதலுதவி அறைக்குச் சென்றேன். "அம்மா, அன்று நான் பிழை செய்தேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். அவர் பதறி எழுந்து, "பெரியவங்க நீங்க; இதைப்போய்ச் சொல்லலாமா?" என்றார். "ஏன் அப்பொழுதே காரணத்தைக் கூறவில்லை?" என்று கேட்டேன். "சொல்லி முடிக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் விழித்துக்கொள்வேனே என்று பயந்தேன், ஐயா. மறுபடி தூங்கலாம் என்றுதான் இருந்தேன், பிறகு வரவில்லை" என்று நகைத்தார். அந்நகைப்பில் சினம் சிறிதும் இல்லை. அதனாலேயே என் நெஞ்சம் மிகுதியாக வருந்தியது.

மூத்தவர் குறுக்கெழுத்துத் தாளை மடித்து வைத்தார். "ஐயா, நாங்கள் சும்மா இருக்கும் நேரம் இரண்டு வகை. ஒன்று காத்திருப்பது, மற்றொன்று ஓய்ந்திருப்பது. காத்திருக்கும்போது கை சும்மா இருக்கும். காது சும்மா இராது. இந்தக் கட்டத்தை நான் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் எந்தப் பிள்ளையின் குரல் எங்கே கேட்கிறது என்று சொல்லிவிடுவேன். ஓய்வு என்றால் அந்தக் காதையும் இறக்கி வைக்கவேண்டும். வேறு ஒருவர் காவல் இருந்தால்தான் அது முடியும்" என்றார்.

இலக்கணம் கற்ற எனக்கு இவ்வேறுபாடு தோன்றாமற் போயிற்றே என எண்ணினேன்.

இளையவர் தம் ஆலையைப் பற்றிக் கூறினார். 500 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவரும் செவிலியரும் பொறுப்பேற்கும் அறை ஒன்று வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அவ்விதியால் எழுந்த அறைகளில் அவர் போன்றோர் முறைமாற்றி இரவுபகலாகப் பணிபுரிகின்றனர். கண்ணில் விழுந்த இரும்புத்துகள், விரலில் வெட்டு, காலையுணவு உண்ணாது வந்த பெண்ணின் மயக்கம் ஆகியவை அங்கே அடிக்கடி வருபவை. சில இரவுகளில் எட்டு மணி நேரமும் ஒருவரும் வாரார். அப்பொழுது உயிர்வளி உருளையின் அளவைப் பார்ப்பார். மருந்துகளின் காலாவதி நாளைச் சரிபார்ப்பார். தூக்குப்படுக்கை உரிய இடத்தில் உள்ளதா என நோக்குவார். பின்பு கைப்பேசியில் பாடம் படிப்பார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி அரசுப் பணியில் சேர்வது அவர் விருப்பம். அவர் கைப்பேசியில் நோக்கிக்கொண்டிருந்தது அப்பாடங்களையே என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இரவு என்ன வேலை செய்தாய் என்று அம்மா கேட்டால், ஒன்றும் இல்லை என்பேன், ஐயா. அந்த ஒன்றும் இல்லாத இரவுதான் எங்களுக்கு நல்ல இரவு" என்றார்.

அந்தச் சட்டமே மற்றொன்றையும் விதித்தது. எத்தொழிலாளியும் இடைவேளை இன்றி 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தல் ஆகாது. அதற்குள் அரைமணி நேரமேனும் ஓய்வு தரவேண்டும் என்பது அது. இயந்திரத்தின் அருகே நிற்பவன் களைத்தால் கை நழுவும். கை நழுவினால் உறுப்பு போகும். நோயாளியின் அருகே இருப்பவர் களைத்தாலோ, மருந்தின் அளவு பிழைபடும். ஆதலின் செவிலியின் உறக்கம் அவர்க்கு மட்டும் உரியதன்று. அடுத்த இரவு சுரத்தோடு வரப்போகும் பிள்ளைக்கும் உரியது. அதனையே நான் தட்டிக் கலைத்தேன்.

மறுநாள் மே 12. பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் 1820-இல் பிறந்த நாள். உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுவது. பிள்ளைகளுக்கு அவர் வரலாற்றைக் கூறினேன். கிரிமியப் போர்க்காலத்தில், 1854 நவம்பரில், 38 செவிலியரோடு துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு அவர் சென்றதையும், இரவில் விளக்கேந்திக் காயம்பட்டோரைக் கண்டதையும் எல்லாரும் அறிவர். அவர் மற்றொன்றும் செய்தார். காயம் ஆறிவரும் வீரர் பொழுது போகாது குடியில் வீழ்வதைக் கண்டு, அவர்களுக்கென வாசிப்பு அறைகளும், இன்கர்மன் என்னும் பெயரால் ஒரு காப்பிக் கடையும் 1855-இல் அமைத்தார். வீரர்க்கு ஓய்வைப் பயன்கொள்ளத் தெரியாது என்று அதிகாரிகள் எண்ணினர். நல்ல இடம் தந்தால் தெரியும் என்று அம்மையார் காட்டினார். பிறருடைய ஓய்வுக்கு இவ்வாறு வழிவகுத்த அவர், நாடு திரும்பிய மறு ஆண்டாகிய 1857-இல் நோயுற்று வீழ்ந்தார். கிரிமியாவில் கண்ட காய்ச்சலின் தொடர்ச்சி அது என்பர் பலர். ஆயினும் படுக்கையறையில் இருந்தவாறே எழுதிக் குவித்தார். 1860-இல் இலண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்படவும் காரணமானார். நம் நாட்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியதும் இவ்வழியில் வந்த நற்பணியே.

கதை முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, இன்று சிஸ்டர்களுக்கு நாம் என்ன கொடுப்பது?" என்று கேட்டாள். ஒருவன் மாலை என்றான்; ஒருவன் வாழ்த்து மடல் என்றான். சுரத்தில் கிடந்த சிறுவன், "லீவு கொடுக்கலாம்" என்றான். அதுவே முடிவாயிற்று. தலைமையாசிரியரும் இசைந்தார். அன்றுமுதல் நாள்தோறும் மாலையில் ஒருவர் மாற்றி ஒருவர்க்கு இரண்டு மணி நேரம் முழு ஓய்வு என்று வகுத்தோம். ஒருவர் ஓய்ந்திருக்கையில் மற்றவர் அறையில் இருப்பார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும், மைதானத்தின் குரலைக் கேட்பதும் என் பொறுப்பு.

அவ்விரண்டு மணி நேரத்தில் அவர்கள் செய்தவை மிகச் சிறியவை. மூத்தவர் ஒருநாள் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் வந்தார். மற்றொரு நாள் என்னோடு குறுக்கெழுத்தில் போட்டியிட்டு, முப்பத்தைந்து ஆண்டு தமிழ் கற்பித்தவனை இரண்டு சொற்களால் வென்றார். இளையவர் முதல்நாள் உறங்கினார். இரண்டாம் நாள் தாயோடு நெடுநேரம் பேசினார். மூன்றாம் நாள் ஒரு சிறுமியிடம், "எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருவாயா?" என்று கேட்டார். பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டதால், தாம் கற்கவே இல்லை என்றார்.

ஐந்தாறு சிறுமியர் மிதிவண்டியின் இருபுறமும் பிடித்துக்கொண்டு ஓடினர். அரைச்சுற்று சென்ற வண்டி வேப்பமரத்தடியிற் சாய்ந்தது. செவிலியின் முழங்கால் சிராய்ந்தது. அடுத்த கணம் சிறுமியர் அவரை நிழலில் அமர்த்திவிட்டனர். ஒருத்தி தூயநீரும் சோப்பும் கொணர்ந்து புண்ணைக் கழுவினாள். ஒருத்தி தூய துணியை வைத்துக் கட்டினாள். எல்லாம் அவர் கற்பித்தபடியே நடந்தன. "வலிக்கிறதா சிஸ்டர்?" என்று ஒருத்தி மிக்க பொறுப்போடு வினவினாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அப்பொழுது நான் முதலுதவி அறை வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தேன். என் மடியில் ஒரு நூல் விரிந்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கத்தையும் நான் கடக்கவில்லை. ஒவ்வொரு கூச்சலுக்கும் தலை நிமிர்ந்தேன். எதுவும் நேரவில்லை, ஒரு பிள்ளையும் வரவில்லை. மாலையில் எழுந்தபோது, நாள் முழுதும் பாடம் நடத்தியவன்போல் களைத்திருந்தேன். ஒன்றும் நேராத பொழுதைக் காப்பதும் ஒரு வேலையே என்பதை என் உடம்பே எனக்குக் கூறிற்று.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் இரவு முழுதும் உழைத்துப் பகலில் உறங்குவோர் இருக்கலாம். தாயாகவும், தந்தையாகவும், அக்காளாகவும் அவர் இருக்கலாம். நீங்கள் கதவைத் தட்டுமுன், அவர் எப்பொழுது படுத்தார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்க்காகச் சிறிதுபொழுது நீங்கள் காவலிருங்கள்.

இன்றும் விடியலில் ஆலைப் பேருந்துகள் எங்கள் தெருமுனையில் நிற்கின்றன. இரவு முறை முடித்தோர் அவற்றினின்று இறங்கித் தளர்நடையோடு செல்கின்றனர். முன்பெல்லாம் அவர்களுள் யாரேனும் எதிர்ப்படின் நின்று நாட்டு நடப்பைப் பேசுவது என் வழக்கம். இப்பொழுது வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றேன்.